பதின்மூன்று பேரும் பன்னிரண்டு பேரும்

அமெரிக்காவில் மூன்று வயதுக்குட்பட்ட ஒரு பிள்ளை பேசவோ நடக்கவோ பிந்தினால், பரிசோதித்துப் பார்க்கச் சொல்லி பெற்றோர் அரசாங்கத்திடம் கேட்கலாம். தகுதி கிடைத்தால் பேச்சு சிகிச்சையாளரோ இயன்மருத்துவரோ வீட்டுக்கே வருவார். (எங்கட ஊரில வீடு தேடி வாற குடும்பநல உத்தியோகத்தரை நினைச்சுக்கொள்ளுங்கோ.) 1986 இல் வந்த சட்டம்தான் இதற்கு அடிப்படை. ஆனால் கதையை அந்த ஆண்டிலிருந்து தொடங்கினால் முக்கியமான ஆக்கள் விடுபட்டுப் போவினம். அதனால் நாங்கள் 1930களின் அயோவா மாநிலத்துக்குப் போகிறோம்.

டேவன்போர்ட் நகர அநாதை இல்லத்தில் இடநெருக்கடி. கைக்குழந்தைகளின் கட்டில்களைச் சுற்றித் துணி மறைப்பு, பார்க்க ஒரு விளையாட்டுப் பொருளும் இல்லை. அங்கே 13 மாதமும் 16 மாதமுமான இரண்டு பெண் குழந்தைகள். நுண்ணறிவு ஈவு 46, 35. இனி ஒண்டும் செய்ய ஏலாது எண்டு, மனவளர்ச்சி குன்றியவர்களுக்கான நிறுவனம் ஒன்றுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆறு மாதத்தில் உளவியலாளர் ஹரோல்ட் ஸ்கீல்ஸ் அங்கே போனபோது இரண்டு பேரும் ஓடியாடித் திரிந்தார்கள். அளந்து பார்த்தால் 77, 87.

மருந்தா? இல்லை. அந்த வார்டில் இருந்த பெண்கள் தூக்கினார்கள், விளையாடினார்கள், கதைத்தார்கள். அவ்வளவுதான்.

பிறகு இப்படி அனுப்பப்பட்ட பிள்ளைகள் மொத்தம் 13 பேர். இல்லத்திலேயே விடப்பட்ட 12 பேரோடு ஸ்கீல்ஸ் அவர்களை ஒப்பிட்டார். தொடக்கத்தில் 13 பேரின் சராசரி 64, இல்லத்துப் பிள்ளைகளின் சராசரி 87 அளவில். முடிவில் முதல் குழு 27 புள்ளிக்கு மேல் ஏறியது, மற்றது 26 அளவில் இறங்கியது. 1939 இல் இது வெளிவந்தபோது லூயிஸ் டெர்மன் போன்ற பெரிய ஆக்கள் கடுமையாகத் தாக்கினார்கள். புத்தி பிறப்போடு தீர்மானமானது எண்டது அந்தக் காலத்து நம்பிக்கை.

1966 இல் ஸ்கீல்ஸ் பின்தொடர் ஆய்வை வெளியிட்டார். 13 பேரும் நிறுவனங்களுக்கு வெளியே சாதாரண வாழ்க்கை வாழ்ந்தார்கள். 12 பேரில் ஒருவர் பதின்ம வயதில் நிறுவனத்திலேயே இறந்திருந்தார், நாலு பேர் அப்பவும் நிறுவனங்களுக்குள்தான். அந்த 12 பேரும் 'ஒப்பீட்டுக் குழு' எண்ட சொல்லுக்குள்ள அடங்கிப்போகிறது எங்களுக்கு நெருடலாக இருக்கு.

இந்தப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு உண்மையிலேயே இயலாமை இருந்தது, எத்தனை பேர் கவனிப்பின்றிப் பின்தங்கினவை எண்டதும் தனிக் கேள்வி. எப்படியோ, முதல் மூன்று வருடம் முக்கியம் எண்ட வாதத்துக்கு இது ஒரு பலமாகியது. 1968 இல் சின்னப் பிள்ளைகளுக்கான மாதிரித் திட்டங்களுக்கு மத்திய அரசு பணம் ஒதுக்கியது. இயலாமையுள்ள பிள்ளைகளின் கல்வி உரிமையை உறுதிசெய்த 1975 சட்டமோ, மூன்று வயதுக்குக் கீழே இறங்கவில்லை. 1986 சட்டம்தான் இறங்கியது. குடும்பத்தோடு இருந்து எழுதுகிற சேவைத் திட்டமும் அதோடு வந்தது. ஆனால் எவ்வளவு தாமதம் இருந்தால் சேவை எண்டதை மாநிலங்களே தீர்மானிக்கின்றன. எல்லை தாண்டினால் அதே பிள்ளை தகுதியை இழக்கலாம்.

13 பேரில் 11 பேரை ஆக்கள் தத்தெடுத்தார்கள். ஸ்கீல்ஸ் பிறகு தேடிப் போனது இரண்டு குழுவிலும் இருந்த 25 பேரையும்தான். தூக்கி வளர்த்த பெண்கள் அந்தக் கணக்கில் இல்லை.