தூர்ந்த அகழியின் மேல்

பெரியார் பஸ் நிலையம் பக்கம் ஒரு கல் கொத்தளம் மிஞ்சி நிற்கிறது. டீக்கடையில் விசாரித்தேன். ‘ஏதோ பழைய கெட்டடம்ணே’ என்றார்கள்.

விசுவநாத நாயக்கர் கோட்டைக்கு, பாளையத்துக்கு ஒன்றாக, 72 கொத்தளங்கள் என்பது வழக்கு. 1840ஐ ஒட்டிக் கலெக்டர் பிளாக்பர்ன் மதிலை இடித்து அகழியைத் தூர்க்கச் சொன்னார். யார் இடித்துத் தூர்க்கிறானோ, இடம் அவனுக்கே. வேலையை நடத்திய மாரட்டும் பெருமாள் மேஸ்திரியும் இன்றைக்கும் வீதிகளாக இருக்கிறார்கள். கடப்பாரை பிடித்தவன் பெயரில் ஒரு சந்தைக்கூட நான் பார்த்ததில்லை.

கோட்டை போச்சே என்று புலம்பும் நண்பர்கள் பிரான்சைக் காட்டுவார்கள். அங்கே கார்க்கசோன் என்ற சிறுநகரின் இடைக்கால மதிலையும் இடிக்கத்தான் 1849ல் அரசு முடிவெடுத்தது. எதிர்ப்பு கிளம்பவே பின்வாங்கியது. 1853 முதல் வியோலே-லெ-துக் செப்பனிட்டார். அவர் வைத்த கூம்புக் கூரைகள் அந்த மண்ணுக்கு உரியவையா என்ற சண்டை தனி. ஆனால் இரண்டு மதில்களுக்கும் நடுவே வீடு கட்டி வாழ்ந்த ஏழைகளைக் கிளப்பிவிட்டுத்தான் அந்த ‘அசல்’ இடைக்காலம் கிடைத்தது. இதை நண்பர்கள் சொல்வதில்லை. அங்கே காப்பாற்றிய மதில் குடியிருந்தவனை விரட்டியது. இங்கே இடித்த மதில் சிலருக்காவது மனையானது.

அதற்காகப் பிளாக்பர்னுக்கு விளக்குத்தூண் வைத்ததை நான் கொண்டாடவில்லை. வெளி வீதியில் பஸ் திரும்பும்போது மட்டும், கூடை சுமந்து அந்த அகழிக்குள் மண் கொட்டியவர்கள் ஞாபகம் வரும்.