பூட்டிய மைதானம்

2022ஆம் வருஷம் ஜூலை 31ஆம் தேதி இரவு எங்கள் வீட்டில் யாரும் வேளையோடு படுக்கவில்லை. லண்டன் வெம்பிளி மைதானத்தில் இங்கிலாந்துக்கும் ஜெர்மனிக்கும் ஐரோப்பியப் பெண்கள் கால்பந்துக் கோப்பையின் இறுதி ஆட்டம். எனக்குக் கால்பந்தில் ஞானம் கிடையாது. பள்ளிக்கூட டீமில் ஆடும் என் பேத்திக்குத் துணையாக டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். ஆளுக்கொரு கோல் போட்டுச் சமமாக நின்றதால் ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போயிற்று. 110ஆவது நிமிஷத்தில் கிளோயி கெல்லி என்ற பெண் பந்தை வலைக்குள் தள்ளினாள். கோல் செல்லுமா என்று ஒரு கணம் தயங்கிப் பார்த்துவிட்டு, மேல்சட்டையைக் கழற்றிக் கையில் சுழற்றிக்கொண்டே ஓடினாள். 87,192 பேர் எழுந்து நின்று கத்தினார்கள். 1966இல் ஆண்கள் உலகக் கோப்பையை வென்ற பிறகு இங்கிலாந்துக்குக் கிடைத்த முதல் பெரிய கோப்பை இதுதான் என்றார் வர்ணனையாளர்.

"பொம்பளைங்க டீம் இத்தனை நாளா என்ன தாத்தா பண்ணிட்டிருந்தாங்க?" என்று கேட்டாள் பேத்தி.

"இப்பத்தானேம்மா ஆடவே வந்திருக்காங்க" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனேன்.

சொன்னது தப்பு என்று சில நாள் கழித்துத் தெரிந்தது. தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்வது கதை எழுதுகிறவர்களுக்கு உள்ள வியாதி. பிராயச்சித்தமாக அந்த டீமின் பூர்வ கதையைத் தேடிப் படித்தேன்.

கதை முதல் உலக யுத்தத்தில் ஆரம்பிக்கிறது. இங்கிலாந்தின் லங்காஷயரில் பிரெஸ்டன் என்ற ஊர். அங்கே 'டிக், கெர்' கம்பெனி டிராம் வண்டிச் சாமான்கள் செய்துகொண்டிருந்தது. யுத்தம் வந்ததும் பீரங்கிக் குண்டு செய்யத் தொடங்கியது. ஆண்கள் போர்முனைக்குப் போய்விட்டதால் பெண்கள் வேலைக்கு வந்தார்கள். இடைவேளையில் தொழிற்சாலை முற்றத்தில் பந்தை உதைத்தார்கள். ஆல்ஃபிரட் ஃபிராங்க்லண்ட் என்ற ஆபீஸ் ஊழியர் அவர்களை ஒரு டீமாகச் சேர்த்து, 1917 கிறிஸ்துமஸ் அன்று ஊர் மைதானத்தில் ஆட வைத்தார். காயம்பட்ட சிப்பாய்களின் ஆஸ்பத்திரிக்கு நிதி சேர்ப்பதற்காக நடந்த ஆட்டம். பத்தாயிரம் பேர் வந்தார்கள்.

யுத்தம் முடிந்தது, ஆட்டம் முடியவில்லை. 1920இல் பிரான்ஸிலிருந்து ஒரு பெண்கள் டீம் வந்து இவர்களோடு ஆடியது. பெண்கள் கால்பந்தில் இரண்டு தேசங்கள் மோதியது அதுதான் முதல் தடவை என்று பலர் சொல்கிறார்கள். அந்த வருஷம் டிசம்பர் 26ஆம் தேதி லிவர்பூலின் குடிஸன் பார்க்கில், செயின்ட் ஹெலன்ஸ் டீமோடு நடந்த ஆட்டத்துக்கு 53,000 பேர் திரண்டார்கள். இடம் இல்லாமல் வாசலோடு திரும்பியவர்கள் பல ஆயிரம். ஒரே நாளில் மூவாயிரம் பவுனுக்கு மேல் தர்ம நிதி சேர்ந்தது. பெண்கள் கால்பந்துக்காக இங்கிலாந்தில் அதைவிடப் பெரிய கூட்டம் கூட 2012 ஒலிம்பிக் வரை, அதாவது 92 வருஷம், காத்திருக்க வேண்டியிருந்தது. "இப்பத்தானேம்மா" என்று நான் சொன்ன அழகு எப்படி!

அந்த டீமில் லில்லி பார் என்று ஒருத்தி. 1905இல் பிறந்தவள்; பதினான்கு வயதில் டீமில் சேர்ந்துவிட்டாள். நல்ல உயரம். இடது காலால் அவள் உதைத்தால் ஆண்களே விலகி நிற்பார்களாம். சிகரெட் பிடிப்பாள். ஆட்டத்துக்குப் பத்து ஷில்லிங் படி வாங்கிக்கொண்டு ஆடிய இந்தப் பெண், தன் வாழ்நாளில் தொள்ளாயிரம் கோலுக்கு மேல் போட்டதாகக் கணக்குச் சொல்கிறார்கள். நூறு இருநூறைத் தள்ளிவிட்டுப் பார்த்தாலும் பிரமிப்பு குறையவில்லை.

குடிஸன் பார்க் ஆட்டம் நடந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. 1921 டிசம்பர் 5ஆம் தேதி இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கம் கூடி ஒரு தீர்மானம் போட்டது. கால்பந்து பெண்களுக்குப் பொருந்தாத ஆட்டம். வசூலில் தர்மத்துக்குப் போய்ச் சேர வேண்டிய அளவு போகவில்லை. ஆகையால் சங்கத்தைச் சேர்ந்த கிளப்புகள் தங்கள் மைதானத்தைப் பெண்களுக்குத் தரக் கூடாது. சங்கத்தின் நடுவர்களும் அந்தப் பக்கம் போகக் கூடாது என்றாயிற்று.

இதிலுள்ள சாமர்த்தியத்தைக் கவனிக்க வேண்டும். "ஆடாதே" என்று ஒரு பெண்ணிடமும் யாரும் சொல்லவில்லை. மைதானத்தின் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார்கள், அவ்வளவுதான். நல்ல மைதானங்கள் எல்லாம் சங்கத்துக் கிளப்புகளிடம் இருந்தன. சுவரும் டிக்கெட்டு வாசலும் இல்லாத திடலில் 53,000 பேரை எப்படிக் கூட்டுவது? ஆண்கள் ஆட்டத்தின் வசூல் குறைந்துவிடுமோ என்ற பயமும் இருந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம். தீர்மானத்தில் அதை எழுத மாட்டார்கள்.

டாக்டர்கள் சிலரும் ஒத்து ஊதினார்கள். லண்டன் ஹார்லி தெருவிலிருந்த டாக்டர் மேரி ஷார்லிப், பெண்ணின் உடல் தாங்காத ஆட்டம் இது என்று கருத்துச் சொன்னார். இந்தப் பெயரைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நம் சென்னைக்குத் தெரிந்த பெயர் ஆயிற்றே! வக்கீலுக்கு மனைவியாக இங்கே வந்தவர். பிரசவ வேளையில் வைத்திய உதவி இல்லாமல் பெண்கள் சாவதைக் கண்டு பொறுக்காமல், 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரிக்குள் நுழைந்த நான்கு பெண்களில் ஒருவர். டாக்டர் படிப்பைப் பெண்ணின் உடலும் மூளையும் தாங்காது என்று உலகம் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. அப்புறம் லண்டனில் பட்டம் பெற்றுத் திரும்பிவந்து, 1885இல் கோஷாப் பெண்களுக்காக இங்கே ஆஸ்பத்திரி ஏற்படக் காரணமாக இருந்தார். சேப்பாக்கத்தில் இன்று கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரி என்ற பெயரோடு இருப்பது அதுதான். பழைய ஆட்கள் இன்னும் கோஷா ஆஸ்பத்திரி என்பார்கள். என் தங்கை அங்கேதான் பிறந்தாள். அவரால்தான் தடை வந்தது என்று சொன்னால் அபாண்டம்; பல குரல்களில் அவருடையதும் ஒன்று. இருந்தாலும் அந்தப் பக்கத்தை உடனே புரட்ட எனக்கு மனம் வரவில்லை.

தடை சுமார் ஐம்பது வருஷம் நீடித்தது. பல டீம்கள் கலைந்துபோயின. பிரெஸ்டன் பெண்கள் மட்டும் கலையவில்லை. 1922இல் அமெரிக்கா போய் ஆண்கள் டீம்களோடு ஆடிவிட்டு வந்தார்கள். பிறகு பூங்காத் திடல் கிடைத்தால் அங்கே, ரக்பி மைதானம் கிடைத்தால் அங்கே. லில்லி பார் மனநோய் ஆஸ்பத்திரியில் நர்ஸாக வேலை பார்த்துக்கொண்டே 1951 வரை ஆடினாள். ஃபிராங்க்லண்ட் 1957இல் காலமானார். டீம் 1965இல் கலைந்தது.

ஆனால் கலைவதற்கு முன்னால் ஒரு காரியம் நடந்தது. 1961இல் ஷீலா என்ற பதின்மூன்று வயதுச் சிறுமி அந்த டீமில் வந்து சேர்ந்தாள். அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1969இல் பெண்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் வைத்துக்கொண்டார்கள். அடுத்த ஓரிரு வருஷத்தில் தடை விலகியது. அதன் வாசனை போகவில்லை. 1971இல் மெக்ஸிகோவில் பெண்களுக்கு ஓர் உலகப் போட்டி நடந்தது. அங்கீகாரம் இல்லாத போட்டி. ஹாரி பாட் என்ற பஸ் டிரைவர் ஓர் இங்கிலாந்து டீமைக் கூட்டிப் போனார். அதில் பதின்மூன்று வயதுப் பெண்கூட இருந்தாள். பெரும் கூட்டத்தின் முன்னால் ஆடிவிட்டு ஊர் திரும்பினால், சிறுமிகளுக்குச் சில மாதம் ஆடத் தடை. அவருக்கு ஆயுள் முழுக்கத் தடை. இந்தத் தண்டனை பெண்கள் சங்கமே விதித்தது!

1972 நவம்பர் 18ஆம் தேதி ஸ்காட்லாந்தின் கிரீனக் நகரில், நடுக்கும் குளிரில், இங்கிலாந்துப் பெண்கள் டீம் தன் முதல் அதிகாரபூர்வ ஆட்டத்தை ஆடியது. ஆண்களின் முதல் சர்வதேச ஆட்டமும் இதே இரண்டு தேசங்களுக்கு இடையில்தான், 1872 நவம்பரில் நடந்தது. சரியாக நூறு வருஷ இடைவெளி. ஸ்காட்லாந்து முதலில் இரண்டு கோல் போட்டுவிட்டது. பிறகு ஸில்வியா கோர் இங்கிலாந்தின் முதல் கோலைப் போட, முடிவில் மூன்றுக்கு இரண்டு என்று ஜெயித்தார்கள். அன்று தலைவியாக நின்றவள் ஷீலா பார்க்கர். பிரெஸ்டன் டீமில் சேர்ந்தாளே, அதே ஷீலா.

அப்புறம் நடந்ததில் வெற்றியைவிடச் சிரமமே அதிகம். 1984இல் ஐரோப்பியப் போட்டியின் இறுதிக்கு வந்தார்கள். பெண்கள் களைத்துவிடுவார்கள் என்று ஆட்டத்தை எழுபது நிமிஷமாகக் குறைத்து, பந்தின் அளவையும் சிறிதாக்கியிருந்தார்கள்! லூட்டன் நகரில் சேற்றில் உழன்று, பெனால்டியில் ஸ்வீடனிடம் தோற்றார்கள். தடை போட்ட கால்பந்துச் சங்கமே 1993இல் பெண்கள் ஆட்டத்தின் பொறுப்பை ஏற்றது. 2009 இறுதியில் ஜெர்மனியிடம் ஆறுக்கு இரண்டு என்று தோல்வி. 2015 உலகக் கோப்பையில் மூன்றாம் இடம். பிறகு ஸரீனா வீக்மன் என்ற டச்சுப் பெண்மணி பயிற்சியாளராக வந்தார். 2022 நான் பார்த்தது. 2023 உலகக் கோப்பை இறுதியில் ஸ்பெயினிடம் ஒரு கோலில் தோல்வி. 2025 ஜூலையில் ஸ்விட்ஸர்லாந்தின் பாஸலில் அதே ஸ்பெயினைப் பெனால்டியில் வென்று மறுபடி ஐரோப்பியக் கோப்பை. அன்றைக்கு நான் பாதியில் தூங்கிவிட்டேன். காலையில் பேத்தி சொல்லித்தான் தெரியும்.

சங்கம் 2008இல் பழைய தடைக்கு மன்னிப்புக் கேட்டது. லில்லி பார் 1978இலேயே போய்விட்டாள். 2019இல் மான்செஸ்டரில் அவளுக்குச் சிலை வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவையும் பேத்தியிடம் சொல்லி, நான் முன்பு சொன்னது தப்பு என்று ஒப்புக்கொண்டேன். சங்கத்தார்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. "அந்த டாக்டரம்மா ஏன் தாத்தா அப்படிச் சொன்னாங்க?" என்று மட்டும் இரண்டு தடவை கேட்டாள். கோஷா ஆஸ்பத்திரியைப் பார்க்க வேண்டும் என்றாள். போன ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் போனேன். வாசலில் கைக்குழந்தையோடு ஆட்டோவுக்குக் காத்திருந்த பெண்களைப் பார்த்துக்கொண்டு சற்று நேரம் நின்றாள். பிறகு, பிராக்டீஸுக்கு நேரமாயிற்று, போகலாம் என்றாள்.