கன்றைப் பிரிக்கும் இரும்பு

எங்கள் வயலில் நிற்கும் ரஸ்தாளி எந்த விதையிலிருந்தும் முளைத்ததல்ல. அப்பா வைத்திருந்த வாழையின் கிழங்கிலிருந்து பிரித்த கன்று அது. அப்பாவுக்கு ஆழ்வார்திருநகரிப் பக்கத்து உறவுக்காரர் கொடுத்தார். அவருக்கு இன்னொருவர் கொடுத்திருப்பார். இப்படியே பின்னால் நடந்து போனால், ரஸ்தாளி நிற்கும் தோட்டங்களிலெல்லாம் ஆதியில் இருந்த ஒரு மரத்தின் துண்டுகள்தான் நிற்கின்றன. காட்டு வாழைப் பழத்தில் சதையை விடக் கருப்பு விதைதான் அதிகம். அக்குமினேட்டா, பால்பிசியானா என்ற இரண்டு காட்டு இனங்கள் கலந்து பிறந்த நம் வாழைகளுக்கு முளைக்கிற விதை கிடையாது. மனிதன் வெட்டிப் பிரித்து வேறிடத்தில் வைக்காவிட்டால் அவை பிறந்த தூரைத் தாண்டி எங்கும் போயிருக்க முடியாது. அந்தப் பிரிப்பைச் செய்த கையையும் இரும்பையும் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். எங்கள் நிலம் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டின் தென்கால் பாசனம். மூன்று தலைமுறையாக வாழை.

வாழை பிரிக்கக் கற்றுக்கொண்டபோது மனிதன் கையில் இரும்பு இல்லை. பப்புவா நியூ கினியின் மலைநாட்டில் கூக் என்ற சதுப்பு நிலம் இருக்கிறது. அங்கே ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன்பே வாழை பயிரிட்டதற்கு மண்ணில் தடயம் கண்டிருக்கிறார்கள். அங்கே செம்புகூட அறியாத காலம். கல்லையும் மரக்கம்பையும் வைத்துத்தான் தூரைக் கிளப்பியிருக்க முடியும். கம்பு வைத்து நெம்பினால் கன்று வந்துவிடும், அதில் சந்தேகமில்லை. ஆனால் பிய்ந்து வரும். பிய்ந்த கிழங்கில் நார் நாராகத் தொங்கும் சதைக்குள் ஈரம் நின்று அழுகல் இறங்கும். ஒரே வெட்டில் வழவழப்பாக அறுபட்ட வாய் இரண்டு நாள் நிழலில் கிடந்தால் காய்ந்து மூடிக்கொள்ளும். இரும்பு வந்ததால் வாழைக்குக் கிடைத்த லாபம் இந்த ஆறுகிற காயம்தான்.

அந்த இரும்பு எங்கள் ஆற்றங்கரைக்கு மிகப் பழையது. ஆதிச்சநல்லூர்ப் பரம்பு எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரம். 1876-ல் ஜெர்மனியிலிருந்து வந்த யாகோர் அங்கே தோண்டிக் கிடைத்ததையெல்லாம் பெர்லினுக்குக் கொண்டுபோனார். 1899 முதல் சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரீ தோண்டினார். அவர் தொகுத்த பட்டியல் 1915-ல் சென்னையில் அச்சாயிற்று. செத்தவர்களைப் புதைத்த தாழிகளோடு கிடைத்த பொன் நெற்றிப்பட்டங்களைப் பற்றித்தான் எல்லாரும் பேசுவார்கள். எனக்கு அந்தப் பட்டியலில் வாள், ஈட்டி, கோடரிகளோடு வரும் மண்வெட்டிதான் முக்கியம். செத்தவனோடு மண்வெட்டியையும் வைத்துப் புதைத்தார்கள் என்றால், அந்த ஊரில் மண்ணைக் கிளறிப் பிழைத்தவனுக்கு மதிப்பு இருந்திருக்கிறது. ஆற்றுக்கு வடபுறம் சிவகளையில் கிடைத்த பொருள்களை வைத்து, இரும்பின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தது. ஆய்வாளர்கள் அதைப் பற்றி இன்னும் பேசட்டும். இந்த மண்ணில் உலை மூட்டியவர்கள் நேற்று வந்தவர்களல்ல என்பது எங்களுக்கு எப்போதும் தெரிந்ததுதான்.

என் தாத்தா காலம்வரை ஊர்க் கொல்லருக்குக் காசு கொடுக்கும் வழக்கம் இல்லை. அறுப்பு முடிந்ததும் களத்தில் நெல் அளப்பார்கள். வருஷம் முழுவதும் கொழு அடிக்க, மண்வெட்டி சாய்க்க, அரிவாளுக்குத் தோய்ச்சல் போட அதுதான் கூலி. 1870-களில் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு கட்டி முடிந்து வடகாலிலும் தென்காலிலும் தண்ணீர் நிலைத்த பிறகு, நெல்லோடு வாழையும் பாய்ச்சலுக்குள் பரவியது. வாழைக்காரனுக்கு வேண்டிய கருவி நெல்காரனுக்கு வேண்டியதிலிருந்து வேறு. கதிர் அறுக்கும் பன்னரிவாள் வாழைத்தாரில் வழுக்கும். அதன் பல்லில் நார் சிக்கும். அதனால் கொல்லரிடம் உட்கார்ந்து, வளைவு இவ்வளவு, கனம் இவ்வளவு என்று சொல்லிச் செய்துகொண்டார்கள்.

லாரி வந்த பிறகு இரும்பே மாறிப்போயிற்று. தேய்ந்து கழித்த லாரியின் வில்பட்டையை வாங்கி, உலையில் போட்டு அடித்துத்தான் இன்று தென் மாவட்டத்தில் அரிவாள் செய்கிறார்கள். சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி அதில் பெயர் வாங்கிய ஊர். சினிமாக்காரர்கள் அந்த ஊர்ப் பெயரை வெட்டுக்குத்தோடு சேர்த்துவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. அந்தப் பட்டறைகளில் அடிபட்ட இரும்பில் பெரும்பகுதி தேங்காய் வெட்டவும் முள் கழிக்கவும் தார் இறக்கவும் போனது. வில்பட்டையில் செய்த அரிவாள் நன்றாகக் கூர் நிற்கும், எளிதில் மடங்காது. தோய்ச்சல் அதிகமாகிவிட்டால் மட்டும் கல்லில் பட்ட இடம் சில்லாகப் பெயரும். வாழைத் தூரில் மண்ணும் சரளையும் இருக்குமாதலால், “கொஞ்சம் மெதுப்பாவே விடுங்க ஆசாரி, நான் அடிக்கடி தீட்டிக்கிடுதேன்” என்று தாத்தா கேட்டு வாங்குவார்.

கத்தி எதுவாக இருக்க வேண்டும் என்பதில் எனக்குத் திடமான கருத்து உண்டு. வீச்சரிவாள் கன்று பிரிக்க ஆகாது. அதன் கனமே அதை ஆழமாக இழுத்துக்கொண்டு போய்த் தாய்க்கிழங்கைப் பிளந்துவிடும். குலை வெட்டிய தண்டைச் சாய்க்க மட்டும்தான் அது. பிரிப்பதற்கு நுனி தட்டையாக அகன்ற கடப்பாரை வேண்டும். அதன் வாய் கத்தியைப் போலத் தீட்டியிருக்க வேண்டும். பலர் கடப்பாரையைத் தீட்டுவதே இல்லை. பிரித்த பிறகு கிழங்கின் தோலைச் சீவ, மெல்லிய தகடாக, ஒரு சாண் நீளத்தில், நேரான கத்தி. எங்கள் வீட்டில் இந்தச் சீவுகத்தி வந்த வழி தனி. பனையேறியின் பாளை அரிவாளைப் பார்த்துத் தாத்தா செய்யச் சொன்னது அது. பாளையின் நுனியை இழை இழையாகச் சீவினால்தான் பதநீர் சொட்டும், தடித்த வெட்டு விழுந்தால் பாளை அடைத்துக்கொள்ளும். அதற்காக அவர்கள் தீட்டுப்பலகையில் வெள்ளைக்கல் பொடி தூவி, மயிர் மழிக்கும் அளவுக்குத் தீட்டுவார்கள். அரிவாள் பெட்டியில் வைத்து இடுப்பில் கட்டிக்கொண்டுதான் ஏறுவார்கள், தரையில் போடமாட்டார்கள். செடிக்கு வலிக்காமல் வெட்டத் தெரிந்தவர்கள் என்று இந்தச் சீமையில் யாரையாவது சொல்ல வேண்டுமானால் பனையேறிகளைத்தான் சொல்வேன்.

கன்றைத் தேர்வதும் வெட்டுவதும் ஒரே வேலையின் இரண்டு பகுதிகள். அகலமாக இலை விரித்து, பார்க்கப் பசுமையாக நிற்கும் கன்றைத் தொடக் கூடாது. அதற்குக் கிழங்கு சிறுத்திருக்கும். இலை ஈட்டிபோல் ஒடுங்கி, அடி பருத்து, மேலே போகப்போகக் குறுகி நிற்பதுதான் நடவுக்கு. ஒன்றரையிலிருந்து இரண்டு கிலோ இருந்தால் போதும். முதலில் கன்றின் வெளிப்பக்கத்து மண்ணை எடுக்க வேண்டும். தாய்க்கும் கன்றுக்கும் நடுவே கழுத்துப் போன்ற இணைப்பு கண்ணுக்குத் தெரியும்வரை எடுக்க வேண்டும். தெரிந்ததும் கடப்பாரையை அந்தக் கழுத்தில் நிறுத்தி, ஒரே குத்து. தாயின் மேல் சாய்த்து நெம்பக் கூடாது. தாய் குலை தள்ளியிருந்தால் அந்த நெம்பலில் வேர் அறுந்து காற்றுக்குச் சாயும். எடுத்த குழியை அன்றே மூடி மிதித்துவிட வேண்டும்.

பிறகு சீவுகத்தி. பழைய வேர்களை அடியோடு நறுக்கி, கிழங்கின் மேல்தோலைச் சுற்றிலும் சீவும்போதுதான் கன்றின் உண்மை தெரியும். உள்ளே வெள்ளையாக இருந்தால் எடுக்கலாம். கருஞ்சிவப்பாகப் புள்ளியோ கோடோ ஓடினால் நூற்புழு அல்லது வாடல். சுரங்கம்போல் துளை இருந்தால் கூன்வண்டு. எவ்வளவு அழகான கன்றாக இருந்தாலும் அதை வயலுக்கு வெளியே கொண்டுபோய் எரிக்க வேண்டும். நல்லதைக் களிமண் குழம்பில் முக்கி, குருணை மருந்து தூவி நடச் சொன்னார்கள் வேளாண்மைத் துறைக்காரர்கள். தாத்தா மருந்து இல்லாத காலத்திலேயே சீவிச் சாணிக்கரைசலில் முக்கித்தான் வைப்பார். சீவுகிற வேலையைச் செய்ய ஆள் கூலி அதிகம் என்று இன்று பலர் விட்டுவிட்டார்கள். நூற்புழு பெருகியதற்கு அதுவும் ஒரு காரணம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

கன்று கை மாறுவதில் எங்கள் பக்கத்தில் ஒரு முறை இருந்தது. உறவுக்கும் அக்கம்பக்கத்துக்கும் கன்றை விற்க மாட்டார்கள். கேட்டு வருகிறவர் தானே வந்து எடுத்துக்கொள்வார், கடப்பாரையும் அவருடையது. பிறிதொரு வருஷம் நமக்குத் தேவைப்பட்டால் அவர் தோட்டத்தில் நாம் எடுக்கலாம். செவ்வாழை, கோழிக்கூடு, சக்கை, ஏத்தன் என்ற வாழை வகைகளெல்லாம் இப்படித்தான் ஊர் ஊராகப் போயின. அன்பான வழக்கம். அதே வழியில்தான் நோயும் போனது.

முடிக்கொத்து நோய் முதலில் தெரியவந்தது பிஜித் தீவில், 1880-களில். அங்கிருந்து கன்றோடு ஆஸ்திரேலியா போய் 1913-ல் இறங்கி, பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ் எல்லையில் வாழைத் தோட்டங்களை ஏறக்குறையத் துடைத்துவிட்டது. அதே 1913-ல் இலங்கையிலும் பதிவாயிற்று. அங்கிருந்து 1940 வாக்கில் கேரளத்துக் கோட்டயம் பக்கம் வந்து, பின்னர் நம் கீழ்ப்பழனி மலைகளிலும் ஏறி விருப்பாட்சி வாழையை வேரோடு சாய்த்தது. இலை குறுகி, நிமிர்ந்து, உச்சியில் கொத்தாக நிற்கும். குலை வராது. மஜீ என்ற ஆய்வாளர் 1920-களில் ஆஸ்திரேலியாவில் உழைத்து, அசுவினி அதைப் பரப்புகிறது என்று கண்டார். கன்றுக்குள்ளேயே அது உட்கார்ந்து வரும் என்பதும் தெரிந்தது. இந்த வைரஸ் கத்தியில் ஒட்டிப் போவதில்லை. கத்தியை எவ்வளவு சுத்தமாக வைத்தாலும் நோய்த்தாயிடம் பிரித்த கன்று நோய்க்கன்றுதான். ஆஸ்திரேலியர்கள் சட்டம் போட்டார்கள். தோட்டத்தைப் பதிவு செய், அதிகாரி பார்க்கட்டும், அனுமதியில்லாமல் கன்றை அசைக்காதே என்றார்கள். கடுமையான சட்டம்தான். அதனால்தான் அங்கே வாழை பிழைத்தது.

கத்தியிலேயே ஒட்டிப் போகும் நோய் வேறு. டிரினிடாடில் மோக்கோ என்ற வாழையில் கண்ட பாக்டீரியா வாடலை ரோரர் என்பவர் 1911-ல் எழுதினார். பின்னாளில் மத்திய அமெரிக்காவின் பெருந்தோட்டங்களில், ஒரு தூரில் பக்கக்கன்று கழித்த கத்தி அடுத்த தூருக்குப் போகும்போது நோயும் கூடப் போகிறது என்று கண்டார்கள். தொழிலாளி ஒவ்வொரு தூருக்கும் கத்தியை ஃபார்மலின் கரைசலில் முக்க வேண்டும் என்று விதி வந்தது.

எத்தியோப்பியாவில் என்செட் என்று வாழைக்கு ஒன்றுவிட்ட தம்பி போன்ற பயிர் உண்டு. பழம் தின்ன உதவாது, கிழங்கும் தண்டுமே சோறு. அதன் கிழங்கை வெட்டி, நடுக்குருத்தை எடுத்துவிட்டு மண்ணில் புதைத்தால் பல பத்துக் கன்றுகள் கிளம்பும். கத்தியால் பெருக்கும் கலையில் அவர்கள் நம்மை விடத் தேர்ந்தவர்கள். அந்தப் பயிரில் 1968-ல் விவரிக்கப்பட்ட பாக்டீரியா வாடல் 2001-ல் உகாண்டாவின் வாழையில் தெரிந்தது. பூச்சியும் பரப்பியது, கத்தியும் பரப்பியது. அங்கே விவசாயிகளுக்குச் சொல்லிக்கொடுத்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. குலையின் கடைசியில் தொங்கும் பூவைக் கத்தியால் வெட்டாதே, கவட்டைக் கம்பை மாட்டி முறுக்கி ஒடி. கம்பு வெட்டுவாய்க்குள் நோயைக் கொண்டுபோவதில்லை. கல்லும் கம்புமாகத் தொடங்கிய வாழைக்காரன் இரும்பைக் கீழே வைத்துவிட்டு மறுபடி கம்பை எடுத்த இடம் அது. வெட்டியே தீர வேண்டிய வேலைக்கு, அடுப்புத் தீயில் கத்தியைக் காய்ச்சி எடுக்கச் சொன்னார்கள்.

எங்கள் ரஸ்தாளிக்கு எமன் பனாமா வாடல். அது பூஞ்சணம், மண்ணில் வருஷக்கணக்கில் கிடக்கும். கன்றின் கிழங்கிலும் வரும், கடப்பாரையில் ஒட்டிய மண்ணிலும் வரும். உறவுக்காரர் தன் கடப்பாரையோடு வந்து எடுத்துக்கொள்ளும் எங்கள் முறை அந்த இடத்தில்தான் எங்களைச் சுட்டது. இன்று திசு வளர்ப்புக் கன்று வாங்குகிறவர்கள் பெருகிவிட்டார்கள். தேனிப் பக்கம் கிராண்ட் நைன் வாழை பெரும்பாலும் அதுதான். ஆய்வகத்தில் கிழங்கின் குருத்து நுனியை நகக்கண் அளவு வெட்டி எடுக்கிறார்கள். அறுவைக் கத்தியை ஒவ்வொரு தடவையும் சாராயத்தில் முக்கித் தீயில் காட்டுகிறார்கள். கையில் செய்கிற அதே வேலைதான், அளவுதான் சிறுத்திருக்கிறது. அந்தத் தீயை நான் வயலுக்குக் கொண்டுவந்தேன். சீவுகத்தி இரண்டு வைத்திருக்கிறேன். ஒன்று பிளீச்சிங் பவுடர் கரைத்த வாளியில் ஊறும்போது மற்றது கையில் இருக்கும். அந்தத் தண்ணீர் இரும்பை அரிக்கும், ஆகவே சாயங்காலம் நன்னீரில் கழுவித் துடைத்துத் தேங்காயெண்ணெய் தடவ வேண்டும். கடப்பாரையின் மண்ணை அலசி, வாயைச் சருகுத் தீயில் வாட்டுகிறேன்.

கன்று கொடுக்கும் முறையை நான் விடவில்லை. இந்தத் தை மாதம் மருமகன் ரஸ்தாளி கேட்டு வந்தான். பக்கத்துத் தோட்டத்தில் வாடல் விழுந்திருந்ததால் அந்த வரப்பை ஒட்டிய வரிசைகளில் எதையும் எடுக்க விடவில்லை. வாய்க்கால் ஓரத்துத் தூர்களில் இலையைப் பார்த்து, ஒவ்வொரு கிழங்கையும் அவன் கண்ணெதிரே சீவிக் காட்டி, வெள்ளையாக இருந்ததை மட்டும் சாக்கில் போட்டேன்.

“கடப்பாரை கொண்டாந்திருக்கேன் மாமா, வண்டில கிடக்கு.”

“அது வண்டியிலயே கெடக்கட்டும் மாப்ள. இங்க இருக்கத வச்சு எடு.”