உழைப்பு வரைந்த வரைபடம்

வெளியுணர்வு அனுபவத்திற்கு முந்தியது என்றார் 18ஆம் நூற்றாண்டுத் தத்துவஞானி காண்ட். மூளை இடத்தை எவ்வாறு குறிக்கின்றது என்பதைப் பிற்கால விஞ்ஞானமே காட்டிற்று. 1971இல் ஓக்கீஃபும் டொஸ்ட்ரொவ்ஸ்கியும், எலி குறித்தவோர் இடத்தில் நிற்கும்போது இயங்கும் நரம்புக் கலங்களை, ஹிப்போகாம்பஸ் என்னும் மூளைப்பகுதியிற் கண்டனர். 2003இல் மனிதரிடத்தும் அத்தகைய கலங்கள் காணப்பட்டன. மூளைக்குள் ஒரு வரைபடம் உளதென்றாயிற்று.

அது பிறவிச் சொத்து மட்டுமா? இலண்டன் வாடகைக் கார்ச் சாரதிகள் ஏறத்தாழ 25,000 தெருக்களை மனனஞ்செய்தே அனுமதிப்பத்திரம் பெறுகின்றனர். அப்பயிற்சியில் இறங்கியோரை வூலெட்டும் மகுவயரும் சில ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தனர். 2011இல் வெளியான முடிவு யாது? தேறியோரின் ஹிப்போகாம்பஸின் பிற்பகுதி வளர்ந்திருந்தது. தேறாதோரிடம் அம்மாற்றம் இல்லை.

உழைப்பு உலகை மாற்றுகின்றது என்போம் நாம். உழைப்பவனின் மூளையையும் அது மாற்றுகின்றது. உழைப்பு வேறு, அறிவு வேறு எனப் பிரித்துத் தொழிலாளியை இகழ்வோர் இதற்கு என்ன விடை கூறுவர்?