கடல் கடந்த நல்லூர்

யாழ்ப்பாணத்தார் கடல் கடந்து செல்வது புதியதொரு செய்தியன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதி தொடக்கம் அவர்கள் மலாயாவுக்குச் சென்றனர். அங்கே இருப்புப்பாதைப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் கடமை புரிந்தனர். ஊருக்குக் காசு அனுப்பினர். இளைப்பாறியபின் பலர் திரும்பி வந்து, கல்வீடு கட்டி, கோயில் திருப்பணிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பொருள் ஈந்து, சொந்த மண்ணிலே கண் மூடினர். அந்தப் பயணத்துக்கு மீளும் வழி ஒன்று இருந்தது.

1983ஆம் ஆண்டு இனக்கலவரத்தின் பின்னர் நிகழ்ந்த பெயர்வு அத்தகையதன்று. போனவர் எப்பொழுது மீள்வர், மீளும்போது ஊர் எந்நிலையில் இருக்கும் என்பதை எவராலும் சொல்ல இயலவில்லை. இவ்வாறு பெயர்ந்தோருள் வைத்தியரும் பொறியியலாளரும் தம் தொழிலை உடன் கொண்டு போயினர். எழுத்தாளன் எதனைக் கொண்டு போவான்? அவன் தொழிற்கருவி மொழி. அம்மொழியைப் படிப்போரோ பிறந்த மண்ணில் இருக்கின்றனர். இந்த வினாவுக்கு முதுமையிலே தம் எழுத்தால் விடை தேடியவர் எஸ். பொன்னுத்துரை. 'எஸ்.பொ.' என்ற ஈரெழுத்தே அவரை அறியப் போதுமானது.

அவர் 1932ஆம் ஆண்டு ஜூன் மாதம் 4ஆம் திகதி நல்லூரிலே பிறந்தார். ஒடுக்கப்பட்ட சமூகம் ஒன்றிலே தோன்றி, கல்வியால் முன்னேறி, மட்டக்களப்பிலே நெடுங்காலம் ஆசிரியராகப் பணியாற்றினார். இளமையிலே இடதுசாரி இயக்கத்தையும் முற்போக்கு எழுத்தாளர் அணியையும் சார்ந்திருந்தவர், பின்னர் அவ்வணியோடு முரண்பட்டுப் பிரிந்து 'நற்போக்கு' என்னும் தனிக்கொடி உயர்த்தினார். 1961இல் வெளிவந்த 'தீ' என்னும் நாவல் பாலுணர்வை ஒளிவின்றி எழுதியமையால் பெரும் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. 1966இல் 'சடங்கு' வந்தது. கொழும்பிலே உத்தியோகம் பார்க்கும் ஒரு குடும்பத்தன் சில நாள் விடுமுறையில் யாழ்ப்பாணம் வந்து திரும்பும் சிறு நிகழ்ச்சிதான் அதன் கதை. அந்தச் சில நாளுக்குள் ஒரு வீட்டின் அடுக்களையும் முற்றமும் மாமியும் மருமகனும் உயிரோடு பேசுவதை வாசகர் கேட்டனர்.

அந்தப் பேச்சே அக்காலத்தில் வழக்குக்குரிய பொருளாயிற்று. கதைமாந்தர் வீட்டிலும் வீதியிலும் பேசுவதுபோலவே எழுத்திலும் பேசலாமா என்று 1960களிலே ஈழத்தில் சூடான விவாதம் நடந்தது. பண்டித மரபைச் சார்ந்தோர் அதனை 'இழிசனர் வழக்கு' என்று ஒதுக்கினர். எழுத்தாளரோ மக்கள் வாழ்வை மக்கள் மொழியிலன்றி எவ்வாறு காட்டுவது என்று வாதிட்டனர். அக்காலத்தில் அது இலக்கண நூலோருக்கும் கதை எழுதுவோருக்கும் இடைப்பட்ட பிணக்காகவே தோன்றிற்று. அதன் முழுப் பொருளும் பின்னாளில், அந்நிய மண்ணிலேதான் விளங்கிற்று.

நைஜீரியாவிலே சில காலம் ஆங்கிலம் கற்பித்தபின், 1989இல், ஐம்பத்தேழு வயதளவில், எஸ்.பொ. ஆஸ்திரேலியாவில் குடியேறினார். சிட்னி நகரிலே ஆலமரத்தடியும் இல்லை. அதன்கீழ் கூடியிருந்து கதைப்போரும் இல்லை. அங்கிருந்து அவர் தம் இளமைக்கால யாழ்ப்பாணத்தை எழுத்திலே மீளக் கட்டினார். 1992இல் வந்த அந்நூலுக்கு 'நனவிடை தோய்தல்' என்று பெயரிட்டார். கழிந்த காலத்தின் நினைவிலே மூழ்கி எழும் நிலையைக் குறிக்க அவர் ஆக்கிய தொடர் அது. இன்று அந்நூலைப் படியாதவர்களும் அத்தொடரைத் தம் சொல்லாகவே வழங்குகின்றனர். பெயர்ந்தவர் ஒருவர் பெயர்ந்த அனைவருக்கும் ஒரு சொல்லை ஈந்தார் எனலாம்.

இதனை ஒத்த வரலாறு ஒன்று உலக இலக்கியத்தில் உண்டு. கிழக்கு ஐரோப்பிய யூதர் வீட்டிலே பேசிய மொழி யித்திஷ். ஜெர்மானிய மொழியடிப்படையில், எபிரேயச் சொற்களும் சிலாவியச் சொற்களும் கலந்து, எபிரேய எழுத்தில் எழுதப்படுவது. எபிரேயமே கற்றோர் மொழி என்று கருதியவர்கள் யித்திஷைக் கொச்சைப் பேச்சென்று இகழ்ந்தனர். அம்மொழியில் எழுதிய ஐசாக் பாஷெவிஸ் சிங்கர், போலந்திலிருந்து 1935இல் நியூயோர்க் சென்றார். வந்த புதிதிலே பல ஆண்டுகள் அவருக்கு எழுத்து ஓடவில்லை. பின்னர் யித்திஷ் செய்தித்தாளொன்றிலே தொடர்ந்து எழுதினார். தாம் வளர்ந்த வார்சா நகரத்துக் கிரொக்மால்னா வீதியை, அங்கே தம் தந்தையார் வழக்குக் கேட்ட வீட்டை, நினைவிலிருந்து எழுப்பினார். அவர் எழுதும்போது அந்த வீதியின் யூத மக்கள் இருக்கவில்லை. இரண்டாம் உலகப் போரிலே நாஜிகள் அவர்களை அழித்துவிட்டனர். 1978இல் நோபெல் பரிசு பெற்றபோது சிங்கர் தம் பேருரையின் ஒரு பகுதியை யித்திஷ் மொழியிலேயே நிகழ்த்தினார். முதிய வயதில் அவரைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றும் 1986இல் எடுக்கப்பட்டது. 1991இல் அவர் மறைந்தார்.

கற்றோர் இகழ்ந்த வீட்டுப் பேச்சே, வீட்டை இழந்தவனுக்கு எஞ்சிய சொத்தாயிற்று என்பதே இவ்விருவர் வரலாறும் உணர்த்தும் உண்மை. இலக்கண நூல்களை எந்நாட்டு நூலகத்திலும் பெறலாம். ஓர் ஊரின் தாய்மார் பிள்ளையை வைத கோபத்தையும், கிழவர் திண்ணையில் நொடித்த நொடியையும் எந்நூலகமும் காத்து வைப்பதில்லை. நூலகமே அழிவதும் உண்டு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின என்பதை நேயர்கள் அறிவர். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஓரிரவிலே ஊரைவிட்டு நீங்கியபோது, வீதிகளே பேச்சற்றுப் போயின.

ஆயினும் எஸ்.பொ. ஊரைத் தெய்வமாக்கி எழுதியவரல்லர். சாதியின் பெயரால் கதவுகள் அடைக்கப்பட்ட யாழ்ப்பாணத்தையும் அவர் அறிவார். 1968இல் மாவிட்டபுரத்திலே கோயில் நுழைவுக்காகப் போராட நேர்ந்த சமுதாயம் அது. தம்மை ஒதுக்கிய ஊரையே தூரத்திலிருந்து நேசித்தமை அவர் நினைவெழுத்துக்கு உறுதி தந்தது. குறையும் இல்லாமலில்லை. அவர் நா கடுமையானது. மாற்றாரை எள்ளுவதிலும் தம்மைத் தாமே மெச்சுவதிலும் அளவு கடந்தார் என்று நண்பரும் குறைப்பட்டதுண்டு.

முதுமை அவரை ஓயவிடவில்லை. 1994இல் இந்திரா பார்த்தசாரதியுடன் இணைந்து, பல நாடுகளிலும் வாழ்ந்த ஈழத்தவரின் சிறுகதைகளைத் தொகுத்து 'பனியும் பனையும்' என வெளியிட்டார். இருவேறு மண்ணை இரண்டு சொல்லில் அடக்கிய பெயர் அது. வருங்காலத் தமிழிலக்கியத்தைப் புலம்பெயர்ந்தோரே முன்னின்று நடத்துவர் என்று அவர் துணிந்து கூறினார். சென்னையிலே 'மித்ர' பதிப்பகத்தின் வாயிலாக நூல்கள் வந்தன. ஆபிரிக்க நாவல்கள் தமிழாயின. 'வரலாற்றில் வாழ்தல்' என்னும் தன்வரலாறு இரு பெருந்தொகுதிகளாக வெளிவந்தது. கனடா இலக்கியத் தோட்டத்தின் 2010ஆம் ஆண்டுக்குரிய இயல் விருது அவரைச் சேர்ந்தது. 2014 நவம்பர் 26ஆம் திகதி சிட்னியிலே காலமானார்.

அவர் துணிந்து கூறியது பலிக்குமா என்பது எழுதுவோரை மட்டும் பொறுத்ததன்று. போருக்கு முன் ஒரு கோடி மக்களுக்குமேல் பேசிய யித்திஷ், பேசுவோர் கொல்லப்பட்டமையால் பெரிதும் குன்றிற்று. அமெரிக்காவிலோ எவரும் அதனைக் கொல்லவில்லை. பிள்ளைகள் ஆங்கிலத்திலே விடை சொல்லத் தொடங்கினர், அவ்வளவே. தமிழுக்குத் தாய்நிலம் உண்டு. ஆதலால் தமிழ் அழியாது என ஆறுதல் கொள்ளலாம். ஆனால் நல்லூர்த் தமிழுக்கு நல்லூர் ஒன்றே உண்டு. சிட்னியிலும் தொறன்ரோவிலும் இலண்டனிலும் பேரன் பேர்த்தியரோடு இருக்கும் முதியோர், அந்தப் பேச்சை நாள்தோறும் அவர்களோடு பேசுவாராயின், எஸ்.பொ.வின் பக்கங்களைத் திறக்கும் கைகள் நாளையும் இருக்கும்.