பளியர் பேச்சும் மூன்றெழுத்துக் குறியும்

பழனி மலைகளை 1821-இல் வார்டு என்னும் ராணுவ அதிகாரி அளந்து குறிப்பு எழுதினார். 1845-இல் அமெரிக்கப் பாதிரிமார் கோடைக்கானலில் முதல் பங்களாக்களை எழுப்பினர். மலையின் உயரமும் ஓடையும் குளிரும் ஒவ்வொன்றாக ஏட்டில் ஏறின. ஆனால் அம்மலைகளில் தேனெடுத்தும் கிழங்கு அகழ்ந்தும் வாழ்ந்துவந்த பளியர் என்ன பாஷை பேசினர் என்ற விஷயம் நெடுங்காலம் ஓரிரு வாக்கியங்களுக்குள்ளேயே அடங்கிக் கிடந்தது. 1906-இல் பிரான்சிஸ் எழுதிய மதுரை ஜில்லா கெஜட்டியர், அவர்கள் பேசுவது தமிழே என்றும், ஆயினும் அதன் விசித்திரமான தொனியால் பிறருக்கு அது விளங்குவது அரிது என்றும் கூறி அடுத்த ஜாதிக்குப் போய்விட்டது. விளங்காத பேச்சைத் தமிழென்று எப்படி நிச்சயித்தார்கள் என்ற கேள்வி அன்று எழவில்லை. 1908-இல் டாமென் பாதிரியார் 'ஆந்த்ரோபோஸ்' பத்திரிகையில் பளியரைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். கிரியர்சனின் மாபெரும் இந்திய மொழி ஆய்வோ சென்னை மாகாணத்தைத் தன் கள வரம்புக்குள் சேர்க்கவே இல்லை. 1971 முதல் ஜனத்தொகைக் கணக்கும் பதினாயிரம் பேருக்குக் குறைந்த மொழிகளைத் தனியே காட்டுவதை நிறுத்திற்று.

இவ்விதம் நம் ஏடுகளில் உரிய இடம் பெறாத ஒரு பேச்சு, கணினிக்கென ஏற்பட்ட ஒரு பட்டியலில் இடம் பெற்றது என்பதே நான் சொல்ல விரும்பும் சரித்திரம். மொழிகளுக்குக் குறியிடும் சர்வதேச நியமமான ஐ.எஸ்.ஓ. 639, 1988-இல் ஈரெழுத்துக் குறிகளை வகுத்தபோது தமிழுக்கு 'டி.ஏ.' கிடைத்தது, இரண்டு ரோமன் எழுத்துக்களால் 676 குறிகளுக்கு மேல் ஆக்க இயலாதாகையால், சிறு மொழிகளுக்கு அங்கே இடமில்லை. 1998-இல் வந்த மூவெழுத்துப் பட்டியலும் நூலகங்களின் தேவையை ஒட்டி அமைந்தபடியால், தனிக்குறி பெறாத திராவிட மொழிகளையெல்லாம் 'டி.ஆர்.ஏ.' என்ற ஒரே பொதுக்குறிக்குள் அடைத்துவிட்டது. பைபிள் மொழிபெயர்ப்பை உத்தேசித்து 1951-இல் தொடங்கிய 'எத்னோலாக்' என்னும் தொகுப்பின் அடிப்படையில், அதை வெளியிடும் எஸ்.ஐ.எல். ஸ்தாபனத்தின் பொறுப்பில், 2007-இல் அந்த நியமத்தின் மூன்றாம் பகுதி வெளிவந்த பிறகுதான் உலக மொழிகள் அனைத்துக்கும் தனித்தனிக் குறி என்ற லட்சியம் உருப்பெற்றது. அதில் பளியர் பேச்சுக்கு 'பி.சி.எஃப்.' என்ற குறி உண்டு.

அது தனி மொழியா, தமிழின் கிளைமொழியா என்பதில் அபிப்பிராய பேதம் இருக்கலாம். குறி கிடைத்தமையால் மொழி பிழைத்துவிடும் என்றும் நான் சொல்லவில்லை. ஆயினும் அதன் பிரயோஜனம் சிறிதன்று. ஒரு கிழவி தேனடை அறுக்கும் விதத்தைச் சொல்கிறாள் என்றும், அந்த ஒலிப்பதிவை ஆவணக் காப்பகத்தில் சேர்க்கிறோம் என்றும் வைத்துக்கொள்வோம். மொழிக்குரிய கட்டத்தில் தமிழின் 'டி.ஏ.எம்.' என்று இட்டால், அது எண்ணற்ற தமிழ்ப் பதிவுகளுக்கிடையே கலந்துபோகும், 'பி.சி.எஃப்.' என்று இட்டால், அப்பேச்சைத் தேடுகிறவன் எந்தத் தேசத்திலிருந்தாலும் நேரே அதனிடம் வந்து சேருவான்.

குறி இருக்கிறது, அதன்கீழ் வைப்பதற்குரிய பதிவுகளைச் சேர்க்கும் பொறுப்பு நம்முடையது. ஆகவே கோடைக்கானல், பண்ணைக்காடு, தாண்டிக்குடிப் பக்கங்களில் வாழும் ஆசிரியர்களும் மாணவர்களும் பளியப் பெரியோர்களின் சம்மதத்தைப் பெற்று, அவர்கள் பேச்சை அவர்கள் குரலிலேயே பதிந்து, அதற்குரிய குறியோடு பொதுக் காப்பகம் ஒன்றில் சேர்க்க இந்த ஆண்டே முன்வர வேண்டும்.