காலடியில் இல்லாத ஆறு

கண்ணாடிப் பாலத்திற்குள் நுழையுமுன் காலணிகளின்மேல் மாட்டிக்கொள்ள ஆளுக்கு ஒரு சோடி உறை தருகிறார்கள். கண்ணாடியில் கீறல் விழக்கூடாதல்லவா? நாங்கள் சென்றபோது கைப்பேசி, ஒளிப்படக் கருவி முதலிய அனைத்தையும் வெளியிலேயே விட்டுவிட வேண்டியிருந்தது. வெறுங்கையராய் நாங்கள் நால்வரும் அந்தக் குதிரைலாட வடிவப் பாலத்தின்மேல் அடியெடுத்து வைத்தோம். தமிழாசிரியர்கள் இருவர், அவர்தம் துணைவியர் இருவர். கல்லூரிக் கோடை விடுமுறையில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துக்குச் சென்றிருந்த நாங்கள், கிராண்ட் கேன்யன் பெரும்பள்ளத்தாக்கின் மேற்கு முனையைக் காண வந்திருந்தோம்.

முதல் சில அடிகளை எவரும் இயல்பாக வைக்க முடிவதில்லை. கீழே நிலம் இல்லை என்று கண் சொல்கிறது; இருக்கிறது என்று கால் சொல்கிறது. இரண்டிற்கும் இடையே வயிறு கலங்குகிறது. எங்களுக்கு முன்னே சென்றவர்களுள் சிலர் சிரித்தார்கள், சிலர் பக்கச்சுவரைப் பற்றிக்கொண்டு குனியாமலே நகர்ந்தார்கள். நடுப்பகுதியை அடைந்து ஒருவாறு துணிந்து கீழே நோக்கியபோது எங்களுடன் வந்த அம்மையார் ஒருவர் கேட்டார்: "ஆறு எங்கே?"

நியாயமான கேள்விதான். கொலராடோ ஆற்றிலிருந்து 4,000 அடி உயரத்தில் நிற்கலாம் என்றுதான் அறிவிப்புகள் கூறியிருந்தன. எங்கள் காலடியிலோ செம்பழுப்பு நிறப் பாறைச் சரிவு ஒன்றே தெரிந்தது. அங்கே பணியில் இருந்த ஹுவாலபாய் இளைஞரிடம் கேட்டோம். அவர் கீழே காட்டவில்லை. கையைப் பக்கவாட்டில் நீட்டித் தொலைவைக் காட்டினார். பாறைகளின் இடுக்கில் மங்கிய கீற்றாய் ஆறு தெரிந்தது. பாலம் நிற்பது ஆற்றுக்கு நேர்மேலே அன்று. ஆற்றை நோக்கி இறங்கும் கிளைப் பள்ளத்தாக்கு ஒன்றின்மேல். கண்ணாடிக்கு நேர்கீழே உள்ள ஆழம் சில நூறு அடிகளே. 4,000 அடி என்பது தொலைவில் ஓடும் ஆற்றின் மட்டத்திலிருந்து கணக்கிட்ட உயரம்.

ஏமாற்றிவிட்டார்கள் என்று நண்பர் முணுமுணுத்தார். உண்மையைச் சொல்வதானால், அங்கே செல்லும்போதே எங்களுக்குச் சிறிது இளக்காரம் இருந்தது. இயற்கை 50, 60 இலட்சம் ஆண்டுகள் அறுத்துச் செதுக்கிய ஒன்றின் விளிம்பில் எஃகையும் கண்ணாடியையும் நட்டுக் கட்டணம் வாங்குகிறார்களே என்ற எண்ணம். ஆயினும் "ஆறு எங்கே?" என்ற அந்தக் கேள்வி எங்களை விடவில்லை. ஊர் திரும்பிய பின்னர் அதைப் பின்தொடர்ந்து வாசித்ததில், அந்தப் பாலத்தின் வரலாறே அக்கேள்விக்கான விடை என்று தோன்றிற்று.

பாலம் நிற்பது தேசியப் பூங்காவின் எல்லைக்கு வெளியே, ஹுவாலபாய் மக்களின் ஒதுக்குநிலத்தில். ஏறத்தாழ 10 இலட்சம் ஏக்கர் பரப்பு. ஆற்றை ஒட்டி 108 மைல் நீளத்துக்கு அந்நிலம் கிடக்கிறது. இம்மக்களின் தொகை இரண்டாயிரத்துச் சொச்சமே. ஹுவாலபாய் என்ற பெயருக்கு 'உயர்ந்த பைன் மரங்களின் மக்கள்' என்று பொருள் கூறுவர்.

லாஸ் வேகஸிலிருந்து காரில் வருவோர் ஹூவர் அணையின் அருகே ஆற்றைக் கடக்கிறார்கள். 1935இல் திறந்துவைக்கப்பட்ட அந்த அணை நிற்கும் இடம் பிளாக் கேன்யன் எனப்படும். 1858இன் தொடக்கத்தில் அமெரிக்கப் படை அதிகாரி ஜோசப் ஐவ்ஸ் என்பவர் நீராவிப் படகில் கொலராடோவை எதிர்த்து வந்து, அந்த பிளாக் கேன்யனின் வாயிலில் பாறையில் மோதி நின்றார். பின்னர் தரைவழியே சென்று, ஹுவாலபாய் வழிகாட்டிகளின் துணையோடு டயமண்ட் ஓடை வழியாகப் பெரும்பள்ளத்தாக்கின் அடிவரை இறங்கினார். பயனற்ற இந்த இடத்துக்குத் தமக்குப் பின் வெள்ளையர் எவரும் வரப்போவதில்லை என்ற கருத்தை அவர் தம் அறிக்கையில் எழுதிவைத்தார். அவர் சொல் எவ்வளவு பொய்த்தது என்பதைச் சுற்றுலாப் பயணிகளின் வரிசையில் நின்றவர்கள் அறிவார்கள். அவருக்கு வழிகாட்டியவர்கள் அந்த இடத்தைப் பயனற்றதாக எண்ணியிருக்க முடியாது என்பதைத்தான் நாம் நினைவிற் கொள்ள வேண்டும். அவர்கள் வாழ்ந்த இடம் அது.

அடுத்த பத்தாண்டுக்குள் சுரங்கக்காரர்களும் கால்நடைக்காரர்களும் வந்தார்கள். வறண்ட நாட்டில் நிலத்தைப் பிடிப்பது என்றால் முதலில் ஊற்றைப் பிடிப்பதே. 1860களின் பிற்பாதியில் படைக்கும் ஹுவாலபாய் மக்களுக்கும் போர் மூண்டது. 1874இல் அவர்களை மலைநாட்டிலிருந்து நடத்திச் சென்று, கொலராடோவின் கீழ்ப்பகுதியில் லா பாஸ் என்னும் இடத்தில் அடைத்துவைத்தனர். தாங்கமுடியாத வெப்பத்தாலும் நோயாலும் பட்டினியாலும் பலர் இறந்தனர். எஞ்சியோர் மறு ஆண்டில் தாமே கிளம்பி ஊர் திரும்பினர். ஆற்றங்கரையில் அவர்களை அரசு குடியேற்றியது அந்த ஒருமுறைதான், அதுவும் சிறையாக. அந்நடையை நினைவுகூர்ந்து இன்றும் ஆண்டுதோறும் ஓட்டம் நடத்துகிறார்கள்.

1883 சனவரியில் குடியரசுத் தலைவர் செஸ்டர் ஆர்தரின் ஆணையால் ஒதுக்குநிலம் உருவாயிற்று. எனினும் 1866லேயே இரயில் கம்பெனி ஒன்றுக்கு அரசு வழங்கியிருந்த நிலக்கொடை அதே பரப்பின்மேல் கிடந்தது. இருப்புப்பாதை ஒதுக்குநிலத்தின் ஊடாகவே வந்தது. இன்று ஹுவாலபாய் மக்களின் தலைநகராக விளங்கும் பீச் ஸ்பிரிங்ஸ் ஓர் ஊற்றால் பெயர் பெற்ற ஊர். அந்த ஊற்றின் நீர் இரயில் எஞ்சின்களின் கொதிகலன்களுக்குப் போயிற்று.

இந்த வழக்கை விடாது நடத்தியவர்களுள் முதல்வர் பிரெட் மஹோன். முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் பணியாற்றித் திரும்பிய ஹுவாலபாய் இளைஞர். முதியவர்களிடம் சென்று எந்த ஊற்றருகே எந்தக் குடும்பம் வாழ்ந்தது என்பதைக் கேட்டெழுதித் தொகுத்தார். உச்ச நீதிமன்றம் 1941 டிசம்பரில் தீர்ப்பளித்தது. ஒரு மக்கள்கூட்டத்தின் தொன்மையான நிலவுரிமைக்கு அரசின் ஒப்பந்தமோ சட்டமோ சான்றாக வேண்டியதில்லை. அவர்கள் வாழ்ந்துவந்தது மெய்ப்பிக்கப்பட்டால் போதும் என்பது அதன் சாரம். ஒதுக்குநிலத்துக்கு வெளியே இருந்த நிலத்தின்மீது அவர்களுக்கு உரிமை எஞ்சவில்லை என்றும் அதே தீர்ப்புக் கூறியது. ஆயினும் பிற நாட்டுப் பழங்குடியினரின் வழக்குகளிலும் பின்னர் எடுத்தாளப்பட்ட தீர்ப்பு இது. ஊற்றுகளின் பெயர்ப்பட்டியல் ஒன்று சட்டமாக மாறிய வரலாறு என்று இதைச் சொல்லலாம்.

நிலம் ஒருவாறு நிலைத்தது. ஆறு?

1908இல் உச்ச நீதிமன்றம், ஒதுக்குநிலம் ஒன்றை ஏற்படுத்தும்போதே அங்கு வாழ்வதற்கான நீரும் ஒதுக்கப்பட்டதாகவே கொள்ள வேண்டும் என்று தீர்த்திருந்தது. 1922இல் கொலராடோ நீரை ஏழு மாநிலங்கள் தமக்குள் பங்கிட்டுக்கொண்டன. மேற்பகுதிக்கு ஆண்டுக்கு 75 இலட்சம் ஏக்கர்-அடி, கீழ்ப்பகுதிக்கு 75 இலட்சம் ஏக்கர்-அடி. பழங்குடியினருக்கான கடமைகளை இவ்வுடன்பாடு பாதிக்காது என்று ஒரு வரி எழுதினார்களே தவிர, அம்மக்களுள் எவரையும் மேசைக்கு அழைக்கவில்லை. 1963இல் அரிசோனா, கலிபோர்னியா மாநிலங்களின் வழக்கில் ஆற்றின் கீழ்ப்பகுதியிலுள்ள ஐந்து ஒதுக்குநிலங்களுக்கு நீர்ப்பங்கு வரையறுக்கப்பட்டது. 108 மைல் ஆற்றங்கரை கொண்ட ஹுவாலபாய் அந்த ஐந்தில் இல்லை.

அதே பத்தாண்டில் இன்னொரு வாயில் திறப்பதுபோல் தோன்றிற்று. ஒதுக்குநிலத்தை ஒட்டி பிரிட்ஜ் கேன்யன் என்னுமிடத்தில் பேரணை கட்டும் திட்டம் வந்தது. அதற்கு ஹுவாலபாய் அணை என்று பெயரிடவும் முன்மொழிந்தார்கள். வருவாய் கிடைக்கும், வேலை கிடைக்கும் என்று அம்மக்கள் ஆதரித்தனர். சியரா கிளப் என்னும் இயற்கைப் பாதுகாப்பு அமைப்போ 1966இல் நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரங்கள் தந்து எதிர்த்தது. 1968இல் நிறைவேறிய சட்டம் அணையைக் கைவிட்டது. அந்தச் சட்டமேதான் கொலராடோ நீரைப் பீனிக்ஸ், டூசான் நகரங்களுக்குக் கொண்டுசெல்லும் 336 மைல் நீளக் கால்வாய்த் திட்டத்துக்கு ஒப்புதலும் தந்தது. பள்ளத்தாக்கு பிழைத்ததில் நமக்கு மகிழ்ச்சியே. அங்கு அணை எழுந்திருக்க வேண்டும் என்று எவரும் இன்று வாதாடமாட்டார்கள். ஆனால் நகரங்களுக்கு நீர் கிடைத்தது, இயற்கை ஆர்வலருக்குப் பள்ளத்தாக்கு கிடைத்தது, கரையில் வாழ்ந்தவர்களுக்கு ஏதும் கிடைக்கவில்லை என்ற கணக்கையும் சேர்த்தே எழுத வேண்டும்.

எஞ்சியிருந்த செல்வம் காட்சி ஒன்றே. சூதாட்ட விடுதி ஒன்றை நடத்திப் பார்த்தார்கள். லாஸ் வேகஸ் இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கையில் அது நிலைக்கவில்லை. அப்போதுதான் ஷாங்காயில் பிறந்து லாஸ் வேகஸில் தொழில் நடத்திய டேவிட் ஜின் என்பவரின் பாலத் திட்டம் வந்தது. ஏறத்தாழ 3 கோடி டாலர் அவர் செலவிட, பாலம் பழங்குடியினரின் உடைமையாகும், வருவாய் பங்கிடப்படும் என்பது ஏற்பாடு. விளிம்பிலிருந்து 70 அடி வெளியே நீளும் அமைப்பை நிலத்தின்மேலேயே கட்டி முடித்து, 2007 மார்ச்சில் சிறிது சிறிதாக உருட்டி விளிம்புக்கு அப்பால் தள்ளினார்கள். காற்றிலும் நடையிலும் அதிராதிருக்க அதிர்வடக்கிகள் பொருத்தினார்கள். மார்ச் 20 அன்று நிலவில் நடந்த இரண்டாம் மனிதரான பஸ் ஆல்ட்ரினும், சிக்கசா பழங்குடியைச் சேர்ந்த விண்வெளி வீரர் ஜான் ஹெரிங்டனும் முதல் நடை நடந்தனர்.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. பாலம் அமைந்த ஈகிள் பாயின்ட், எதிரே உள்ள பாறை சிறகு விரித்த கழுகின் வடிவில் தோன்றுவதால் பெயர் பெற்றது. அது புனித இடம், அங்கே துளையிடலாகாது என்று ஹுவாலபாய் முதியோர் சிலரே வருந்தினர். பிள்ளைகளுக்கு வேலை வேண்டும் என்றனர் மற்றவர்கள். இரு சாராரும் ஒரே வீட்டினர் என்பதை வெளியிலிருந்து ஏளனம் செய்தவர்கள் எண்ணிப்பார்க்கவில்லை; நாங்களும் எண்ணிப்பார்க்கவில்லை. பின்னர் ஜின்னுக்கும் பழங்குடி ஆட்சிக்கும் பிணக்கு ஏற்பட்டது. 2012இல் அவரது ஒப்பந்த உரிமையைப் பொதுநலன் கருதிக் கையகப்படுத்துவதாக ஆட்சி அறிவித்தது. நடுவர் மன்றம் அவரது நிறுவனத்துக்கு 2 கோடியே 85 இலட்சம் டாலர் வழங்குமாறு கூறிற்று. 2013இல் பழங்குடியினரின் நிறுவனம் திவால் மனுச் செய்தது; அவ்வாண்டே ஜின் மறைந்தார்.

இத்தனைக்கும் நடுவே ஒன்று மாறவில்லை. பாலத்தைக் காண வரும் கூட்டத்துக்கு வேண்டிய தண்ணீரைக் கீழே ஓடும் ஆற்றிலிருந்து எடுக்க முடியாது. பெரும் செலவில் தொலைவிலிருந்து கொண்டுவர வேண்டும். நிலத்தடி நீரைத் தவிர வேறு போக்கு இல்லை.

2023 சனவரி 5ஆம் நாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கையெழுத்திட்ட சட்டம் ஒன்று, கொலராடோவிலிருந்து ஆண்டுக்கு 4,000 ஏக்கர-அடி நீர் பெறும் உரிமையை ஹுவாலபாய் மக்களுக்கு வழங்கியது. ஆற்றிலிருந்து நீரை மேலேற்றிக் குழாய் வழியே கொணரும் பணிகளுக்கென 31 கோடியே 20 இலட்சம் டாலரும் ஒதுக்கியது. நம் ஊர்க் கணக்கில் அந்நீர் ஒரு டி.எம்.சி.யில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. 1922இல் கீழ்ப்பகுதிக்கு மட்டும் ஒதுக்கிய 75 இலட்சம் ஏக்கர்-அடியோடு ஒப்பிட்டால் ஈராயிரத்தில் ஒரு பங்கைவிடச் சற்றே மிகுதி, அவ்வளவுதான். ஒதுக்குநிலம் அறிவிக்கப்பட்டதற்கும் இந்தக் கையெழுத்துக்கும் இடையே 140 ஆண்டுகள் சென்றிருந்தன. இன்னும் ஒன்று: இந்த 4,000 ஏக்கர்-அடி, 1968 சட்டம் நகரங்களுக்காக வகுத்த அதே கால்வாய்த் திட்டத்தின் நீர்க்கணக்கிலிருந்தே எடுத்துத் தரப்பட்டது.

பாலத்திலிருந்து வெளியே வந்து காலுறைகளைக் கழற்றிக் கூடையில் இட்டோம். வழியில் குடிக்க நண்பர் தண்ணீர்ப் புட்டிகள் வாங்கி வந்தார். அந்த இளைஞரிடம் விடைபெறும்போது, ஆற்று நீர் மேலே வருமாமே என்று நாங்கள் கேட்டோம். தம் பாட்டியும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார் என்று சிரித்துவிட்டு, இந்த முறை தாளில் எழுதியிருக்கிறார்கள் என்றார். பின்னர் அடுத்து வந்த குடும்பத்தினருக்குக் காலுறைகளை எடுத்துக் கொடுக்கத் திரும்பினார். அவர்களுள் ஒரு சிறுமி பாலத்தில் ஏறுமுன்னரே அவரிடம் ஆறு எங்கே என்று கேட்பது எங்கள் காதில் விழுந்தது.